தந்தையாகிய டார்வின்

சார்ல்ஸ் டார்வின் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் வெண்டாடியும் அகன்ற நெற்றியும் கொண்ட ஒரு கிழவரின் உருவமும், குரங்கைப்பற்றிய ஒரு பழைய பரிகாசமும் நம்மவர் நினைவுக்கு வருதல் வழக்கம். விலங்கியல் வகுப்பினர் அவரைப் பரீட்சை வினாத்தாளில் சந்திப்பர். எம்முடையதைப் போன்ற கிறிஸ்தவக் கல்லூரிகளிலோ அவர் பெயரால் எழுந்த வாதங்களுக்குக் கணக்கில்லை. அவ்வாதத்தை இங்கே மறுபடியும் தொடங்க நாம் எண்ணவில்லை. அப்பெரியார் தம் வீட்டில் எத்தகையவராய் இருந்தார் என்பதும், அவர் வாழ்நாளின் மிகப் பெரிய வாய்ப்பும் மிகப் பெரிய துயரமும் ஒரே வாரத்தில் வாயிற்படியில் வந்து நின்றபொழுது அவர் எதன் பக்கம் முகம் திருப்பினார் என்பதுமே நாம் சொல்லப் புகுந்தவை.

டார்வின் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ஆம் தேதி இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ராபர்ட் டார்வின் பெயர் பெற்ற வைத்தியர். பெரும் பொருள் ஈட்டியவர். உருவத்தாலும் குரலாலும் பிறரை அடக்கியாள்பவர். தாயை எட்டாம் வயதிலேயே டார்வின் இழந்தார். வைத்தியம் கற்க எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டு, அறுவைச் சிகிச்சையைக் காணப் பொறாது ஓடிவந்தார். பின்பு குருத்தொழிலுக்கு ஆயத்தமாகக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டு, அங்கே வண்டு பிடிப்பதில் காலம் கழித்தார். வேட்டையும் நாயும் எலிபிடிப்பும் தவிர வேறொன்றிலும் கருத்தில்லாத இப்பிள்ளையால் குடும்பத்துக்கே தலைகுனிவு நேரும் என்று தந்தையார் ஒருமுறை கடிந்துகொண்டாராம். அச்சொல்லை மகன் முதுமையிலும் மறக்கவில்லை. ஆயினும் தந்தையை அன்போடன்றி நினைத்ததும் இல்லை. 1831-ஆம் ஆண்டு டிசம்பரில் பீகிள் என்னும் கப்பலேறி, உலகைச் சுற்றி, 1836 அக்டோபரில் திரும்பினார். அப்பிரயாணத்தின் கதை யாவரும் அறிந்தது, அதை விட்டுவிடுகிறோம்.

நமக்கு வேண்டுவது 1838-ஆம் ஆண்டில் அவர் பென்சிலால் எழுதிய ஒரு தாள். விவாகம் செய்துகொள்ளலாமா, கூடாதா என்று இரண்டு பத்தியாகப் பிரித்து, வியாபாரி வரவு செலவு எழுதுவதுபோல் இலாப நட்டங்களை அதில் குறித்திருக்கிறார். அப்பொழுது அவருக்கு வயது 29. நிலநூற் சங்கத்தின் காரியதரிசி; லண்டன் அறிஞர் கூட்டத்தில் நாளுக்கு நாள் மதிப்பு உயர்ந்துவந்த இளைஞர். ஆகையால் நட்டக் கணக்கில் முதன்மையாக நின்றது காலம். மனைவி மக்கள் வந்தால் மாலையில் படிக்க முடியாது. புத்தகம் வாங்கப் பணம் மிஞ்சாது. விரும்பிய இடத்துக்குப் போக இயலாது. பிள்ளைகளால் செலவும் மனக்கவலையும் உண்டாகும். இலாபப் பக்கத்திலோ வீடும், துணையும், பிள்ளைகளும். முடிவில், ஒரு தேனீயைப்போல் ஆயுள் முழுதும் உழைத்து உழைத்து வேறொன்றுமில்லாமற் போவதை எண்ணிப்பார்க்கவும் பொறுக்கவில்லை என்று விவாகத்தின் பக்கமே தீர்ப்பு எழுதிவிட்டார். அத்தாளை வாசிப்பவர் நகையாமல் இருக்க மாட்டார். ஆயினும் அதிலே சொன்ன அச்சம் பொய்யன்று. தொழிலில் உயர விரும்பும் எந்த இளைஞனும் வாய்விட்டுச் சொல்லாது உள்ளே கணக்கிடுவதைத்தான் அவர் காகிதத்தில் எழுதினார்.

மணமகளைத் தேடி அவர் தொலைவு போகவில்லை. எம்மா வெட்ஜ்வுட் அவருடைய தாய்மாமன் மகள். நம் நாட்டாராயின் முறைப்பெண் என்று சொல்லி மகிழ்ந்திருப்பர்; பெண் சில மாதம் மூத்தவள் என்று சிலர் முகம் சுளித்தும் இருப்பர். 1839-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 29-ஆம் தேதி விவாகம் நடந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே வில்லியம் என்னும் முதற்குழந்தை பிறந்தது. குழந்தை தும்மியதையும், கொட்டாவி விட்டதையும், முதன்முதல் சிரித்ததையும், கோபங்கொண்டு சிவந்ததையும் தந்தையார் பிறந்த நாள்முதல் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவந்தார். 37 ஆண்டுகளுக்குப் பின் 1877-இல் அக்குறிப்புகள் ஒரு கட்டுரையாக வெளிவந்தன. அழும் குழந்தையின் முகத்தைச் சரியாக ஆராய அவர் பெரிதும் முயன்றும், குழந்தையின் துக்கம் தம்மையும் பற்றிக்கொண்டதால் ஆராய்ச்சி கெட்டுவிட்டது என்பதை அவர் மகன் பிரான்சிஸ் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

1842-ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவர்கள் லண்டனை விட்டு, அக்காலத்தில் கென்ட் ஜில்லாவில் இருந்த டவுன் என்னுமிடத்துக்குக் குடிபோயினர். பெயர்தான் டவுன், இடமோ சுண்ணாம்பு மேட்டின்மேல் அமைந்த பட்டிக்காடு. சங்கங்களும் சபைகளும் நிறைந்த தலைநகரைவிட்டு, பெயர் பெறத் தொடங்கிய ஒருவர் இவ்வாறு ஒதுங்குவதை நண்பர்கள் வியந்தனர். அவர் உடல்நலக் குறைவு ஒரு காரணம். பிள்ளைகளை நல்ல காற்றில் வளர்க்கவேண்டுமென்பது மற்றொன்று. அடுத்த 40 ஆண்டுகளும் அவ்வீட்டிலேயே கழிந்தன. பத்துப் பிள்ளைகள் பிறந்தனர். அவர்களுள் எழுவர் வளர்ந்து ஆளாயினர்.

அவ்வீட்டிலே வேலை செய்யும் அறைக்கும் விளையாடும் அறைக்கும் இடையே கதவு இருந்ததேயன்றி மதில் இருந்ததில்லை. கத்தரிக்கோல், நூல், தபால் முத்திரை, அடிக்கோல், சுத்தியல் ஆகிய எது வேண்டுமாயினும் பிள்ளைகள் தந்தையின் படிப்பறைக்கே ஓடினர். அவை அங்கேதான் நிச்சயமாய் அகப்படும். பன்முறை இவ்வாறு நுழைந்தபின், இன்று போதும், இனி வராதிருக்கக்கூடாதா, பலமுறை வேலை தடைப்பட்டுவிட்டதே என்று அவர் பொறுமையோடு கேட்பதே மிகக் கடுமையான கண்டனம். ஒருநாள் நான்கு வயதுப் பையன் ஒருவன் வேலைநேரத்தில் தந்தையை விளையாட அழைத்து, வந்தால் ஆறு பென்னி தருவதாக லஞ்சம் பேசினான். வேறொரு நாள் லியனர்ட் என்னும் சிறுவன் சோபாவின்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான், அது சட்டவிரோதம். தந்தை உள்ளே வந்து, இது விதிக்கு மாறல்லவா என்றார். அப்படியானால் நீங்கள் அறையைவிட்டு வெளியே போய்விடுவதே நலம் என்று மகன் யோசனை கூறினான்! பிள்ளைகளில் யாருக்கேனும் நோய் வந்தால் அப்படிப்பறையின் சோபாவே நோயாளியின் படுக்கையாகும். தந்தை எழுதிக்கொண்டிருக்க, குழந்தை அவரைப் பார்த்துக்கொண்டே கிடக்கும். மாடிப்படியில் வைத்துச் சறுக்கி விளையாட ஒரு நீண்ட வழுவழுப்பான பலகையும் செய்து கொடுத்திருந்தார்கள். தோட்டத்து ஆண் வண்டுத்தேனீக்கள் எவ்வழியாய்ப் பறக்கின்றன என்று கண்டறியப் பிள்ளைகளையே ஆங்காங்கு காவல் நிறுத்தி ஆராய்ச்சி நடத்தினார்.

இவ்விடத்தில் ஒன்றை மறையாமல் சொல்லுதல் வேண்டும். டார்வினுக்குச் சம்பளத்துக்காக உழைக்கும் கட்டாயம் ஒருபொழுதும் இருந்ததில்லை. தந்தையின் செல்வமும் மனைவியின் சீதனமும் போதிய அளவுக்குமேல் இருந்தன. வேலைக்காரர் இருந்தனர், தாதி இருந்தாள். எல்லாவற்றிற்கும் மேலாக எம்மா அம்மையார் இருந்தார். வீட்டின் பாரம் முழுவதும் அவர் தோளில். காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு ஓடும் எழுத்தரும், பதினைந்து மைல் அப்பால் பள்ளிக்கூடத்துக்குச் செல்லும் ஆசிரியரும் டார்வினைப்போல் ஏன் இருக்கவில்லை என்று கேட்பது அறியாமை. ஆனால் புகழுக்காகவும் தாம் கண்ட உண்மைக்காகவும் உழைக்கும் கட்டாயம் கூலிக்காக உழைக்கும் கட்டாயத்தினும் கொடியது. அதற்கு மாலை மணி அடிப்பதில்லை. பொருட்கவலை இல்லாதிருந்தும் தம் மக்களை நிமிர்ந்து பாராத அறிஞர் எத்தனையோ பேர்.

இனி ஆனியின் கதை. 1841-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிறந்த ஆனி எலிசபெத் டார்வினின் மூத்த மகள், தந்தைக்கு உயிர். அவர் மணற்பாதையில் உலாவும்பொழுது முன்னே குதித்தோடுவாள். அரைமணி நேரமேனும் அவர் தலைமயிரைச் சீவி அழகுபடுத்திக்கொண்டிருப்பாள். பத்தாம் வயதை நெருங்குகையில் அவளுக்கு இன்னதென்று புலப்படாத நோய் கண்டது. 1851-ஆம் ஆண்டு மார்ச்சில் டார்வின் அவளை மால்வெர்ன் என்னும் மலையூருக்கு அழைத்துச் சென்று, கல்லி என்னும் தண்ணீர்ச் சிகிச்சை வைத்தியரிடம் ஒப்புவித்துத் திரும்பினார். ஏப்ரல் நடுவில் அவளுக்கு வாந்தியும் சுரமும் அதிகப்பட்டதென்று செய்தி வந்தது. எம்மா அப்பொழுது நிறைகர்ப்பிணி. பிரயாணம் செய்ய இயலாது. தந்தையே சென்றார். பெரிய வியாழக்கிழமையாகிய 17-ஆம் தேதி ஆனியின் படுக்கையருகே சேர்ந்தவர், பெரிய வெள்ளியும் ஈஸ்டர் ஞாயிறும் கடந்து 23-ஆம் தேதி நண்பகலில் அவள் உயிர் பிரியும்வரை அங்கேயே இருந்தார். கொட்டலசு என்னும் கடற்பிராணிகளைப்பற்றி எட்டாண்டு செய்த பேராராய்ச்சியின் நடுப்பாகம் அது. பூதக்கண்ணாடி டவுன் வீட்டில் மூடிக் கிடந்தது. குழந்தையின் முகத்தைத் துடைப்பதும், ஒரு கரண்டி கஞ்சி உள்ளே சென்றதா என்று பார்ப்பதும், அவ்வப்போது நிலைமையை மனைவிக்கு எழுதுவதுமே அவர் வேலை. காலையில் நம்பிக்கையோடு தொடங்கிய கடிதம் மாலையில் நம்பிக்கையின்றி முடியும். அவை இன்றும் வாசிக்கத் தக்கனவாய் உள்ளன, வாசிக்கத்தான் நெஞ்சு பொறுப்பதில்லை.

அடுத்த நாளே அவர் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்; அடக்கத்துக்கு நிற்கவில்லை. இதைக் குறையாகக் கூறுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. இறந்த குழந்தைக்கு இனி அவர் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. உயிரோடிருந்த மனைவியோ தனியே, பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், அழுதுகொண்டிருந்தார். ஒரு வாரம் கழித்து மகளைப்பற்றிய நினைவுகளைச் சில பக்கம் எழுதிவைத்தார். அச்சில் ஏற்ற எழுதியதன்று. அவள் முகத்தையும் நடையையும் தாமே மறந்துவிடலாகாது என்பதற்காக எழுதியது. ஆனியின் எழுதுபெட்டியை இறகுப் பேனாவோடும் தாள்களோடும் எம்மா இறுதிவரை பாதுகாத்துவந்தார்.

விசுவாச விஷயத்தில் எம்மா உறுதியுள்ளவர். டார்வினோ படிப்படியாகக் கிறிஸ்து மார்க்கத்தை விட்டு விலகினார். அவ்விலகலில் ஆனியின் மரணத்துக்கு எவ்வளவு பங்கு என்பதில் சரித்திரக்காரர் ஒருமைப்படவில்லை. ஞாயிறுதோறும் குடும்பத்தார் கோயிலுக்குச் செல்ல, அவர் உலாவப் போவார். ஊர்க்குருவாகிய இன்னஸ் என்பவரோடு நெருங்கிய நட்புப் பூண்டு, ஊர்த் தருமக் கணக்குகளையும் ஏழைத் தொழிலாளர் சகாய நிதிக் கணக்கையும் பல்லாண்டு பார்த்துவந்தார். அவர் கொள்கையால் நம்மிற் பலர் மனம் வருந்தலாம், எம்மாவும் வருந்தினார். ஆனால் தம் கொள்கையைச் சுருக்கி 1844-இல் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதியை, தாம் திடீரென இறந்தால் 400 பவுன் செலவிட்டு வெளியிடும்படி அவர் ஒப்புவித்தது வேறொருவரிடத்துமன்று, அந்த எம்மாவிடத்திலேதான்.

நிற்க. அக்கொள்கையை அவர் 20 ஆண்டு வெளியிடாது வைத்திருந்தார். பிறர் யாரேனும் முந்திக்கொள்ளக்கூடும் என்று நண்பர் லயல் எச்சரித்தபின், 1856-இல் ஒரு பெரிய நூலை எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் பத்தாவதும் கடைசியுமான குழந்தை பிறந்தது. அதற்குச் சார்ல்ஸ் வேரிங் என்று பெயர். தாய்க்கு அப்பொழுது வயது 48. அக்குழந்தை மற்றவைபோல் வளரவில்லை. ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, பேசவில்லை. தந்தையின் மடியில் நெடுநேரம் கிடந்து, அவர் முகத்தையே மகிழ்ச்சியோடு உற்றுப் பார்க்கும்.

1858-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18-ஆம் தேதியளவில், மலாய்த் தீவுகளிலுள்ள டெர்னேட்டிலிருந்து ஆல்பிரட் ரஸல் வாலஸ் அனுப்பிய தபால் டவுனுக்கு வந்தது. பிரித்துப் பார்த்த டார்வின் திகைத்தார். தாம் 20 ஆண்டு சிந்தித்துக் கண்ட இயற்கைத் தேர்வுக் கொள்கை, தம் வாயிலிருந்து பிடுங்கினாற்போல் மற்றொருவர் கையெழுத்தில் இருந்தது. லயலுக்கு அனுப்பும்படி வாலஸ் கேட்டிருந்ததால் அன்றே அனுப்பிவிட்டார். முதன்மை போயிற்று என்பதை உணர்ந்தார். தம் பழைய பிரதியை இப்பொழுது அவசரமாக வெளியிடுவது இழிசெயல் ஆகுமோ என்று அஞ்சி, வாலஸ் தம்மை அற்பன் என்று நினைப்பதைவிடத் தம் நூல் முழுவதையும் எரித்துவிடலாம் என்று லயலுக்கு எழுதினார்.

அந்நாட்களிலேயே மகள் ஹென்ரியெட்டா டிப்தீரியா என்னும் தொண்டைநோயால் படுத்தாள். அது சிறிது தணியும்முன் கைக்குழந்தைக்குச் சுரம் கண்டது. உடல் சிவந்து தொண்டை புண்ணாகும் ஸ்கார்லெட் சுரம் அக்காலத்தில் ஊரில் பரவிக் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது. வீட்டுத் தாதியும் நோயில் விழுந்தாள். இருபதாண்டு உழைப்பின் பலன் யாருக்கு என்பது லண்டனில் தீர்மானிக்கப்படவிருந்த அவ்வேளையில், டார்வின் லண்டனுக்கு 16 மைல் தொலைவில், மூச்சுத் திணறும் ஒரு குழந்தையின் தொட்டிலருகே நின்றார். வண்டியேறினால் சில மணியில் போய்ச்சேரலாம். போகவில்லை. ஜூன் 28-ஆம் தேதி குழந்தை இறந்தது.

லயலும் ஹூக்கரும் ஒரு வழி கண்டனர். லினேயன் சங்கத்தின் கூட்டம் ஒன்று, ராபர்ட் பிரவுன் என்னும் பெரும் தாவரநூலார் இறந்தமையால் ஒத்திவைக்கப்பட்டு, ஜூலை 1-ஆம் தேதி கூடவிருந்தது. டார்வினுடைய பழைய எழுத்தையும் வாலஸின் கட்டுரையையும் சேர்த்து அங்கே வாசித்துவிடலாம் என்று துணிந்து, தாள்களை உடனே அனுப்பும்படி ஹூக்கர் எழுதினார். குழந்தை இறந்த மறுநாளாகிய 29-ஆம் தேதி டார்வின் இருமுறை பதில் எழுதினார். முதற்கடிதத்தில், இப்பொழுது ஒன்றையும் சிந்திக்க இயலவில்லை என்றார். இரவில் எழுதிய இரண்டாவதில், இனி இவையெல்லாம் காலங்கடந்தவை, முதன்மையைப்பற்றிக் கவலைப்படுவதே வெட்கமாயிருக்கிறது என்ற கருத்தைத் தெரிவித்து, வேண்டிய தாள்களை வேலைக்காரன் கையில் கொடுத்தனுப்பினார்.

ஜூலை 1-ஆம் தேதி லண்டனில் ஏறக்குறைய 30 பேர் முன்னிலையில் கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. உயிர்நூலின் போக்கையே மாற்றிய அக்கூட்டத்தில், உரியவர் இருவரும் இல்லை. வாலஸ் நியூகினியாவில் இருந்தார். இச்செய்தியே அவருக்குத் தெரியாது. டார்வின் டவுன் கோயில் முற்றத்தில் இருந்தார். அன்றுதான் குழந்தையை அடக்கம் செய்தார்கள்.

அவர் அன்று தொழிலைத் துறந்து குடும்பத்தைத் தெரிந்தெடுத்தார் என்று சொல்ல நமக்கு ஆசையே. ஆனால் அது முழுதும் சரியன்று. தாள்களை அனுப்பத்தான் அனுப்பினார். முதன்மை போவதில் வருத்தம் இருந்ததையும் ஒளிக்கவில்லை. அன்றியும் லயலும் ஹூக்கரும் இல்லாதிருந்தால், வாலஸின் பெயர் தனியே நின்றிருக்கக்கூடும். தெரிந்தெடுக்க வேண்டுமென்ற எண்ணமே அவருக்கு எழவில்லை என்பதுதான் உண்மைக்கு நெருங்கியது. பன்னிரண்டு ஆண்டு, பதினைந்து ஆண்டு, கத்தரிக்கோலுக்கும் நூலுக்கும் கதவைத் திறந்துவைத்திருந்தவருக்கு, குழந்தை சாகக் கிடக்கையில் கால்கள் லண்டனை நோக்கி எழவில்லை. தலைமை வகித்த பெல் என்பவர் 1859 மே மாதத்தில், குறிப்பிடத்தக்க கண்டுபிடிப்பு எதுவும் சென்ற ஆண்டில் நிகழவில்லை என்று அறிக்கை செய்தது தனி வேடிக்கை.

மற்றப் பிள்ளைகளைத் தொற்றிலிருந்து காக்கச் சஸ்ஸெக்ஸுக்கும், பிறகு வைட் தீவுக்கும் கொண்டுசென்றனர். அங்கே கடற்கரை விடுதியில், பிள்ளைகள் நடுவே, அவர் தம் கொள்கையின் சுருக்கத்தை எழுதத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1859-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24-ஆம் தேதி உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலாக 1250 பிரதிகள் அச்சிடப்பட்டு வெளிவந்தது.

அதன்பின் புகழ் பெருகிற்று, மனக்கவலை குறையவில்லை. மாமன் மகளை மணந்ததால்தான் மக்கள் நோய்வாய்ப்பட்டனரோ என்ற ஐயம் அவரை அரித்தது. தாவரங்களில் நெருங்கிய உறவுக்கலப்பால் வலிமை குன்றுவதைத் தம் தோட்டத்திலேயே கண்டவர் அல்லவா? பெற்றோர் நெருங்கிய உறவினரா என்று குடிக்கணக்கில் கேட்கவேண்டுமென 1870-இல் நண்பர் லபக் மூலமாய்ப் பார்லிமெண்டில் முயன்றார், சபையார் ஒப்பவில்லை. பின்பு மகன் ஜார்ஜே அதை ஆராய்ந்து 1875-இல் கட்டுரை வெளியிட்டு, தீங்கு அஞ்சிய அளவு பெரிதன்று என்றார். உறவுமுறைக் கலியாணம் வழங்கும் நம் நாட்டார் இதைச் சிறிது சிந்திப்பது நன்று.

ஜார்ஜ் வானநூலிலும், பிரான்சிஸ் தாவரநூலிலும், ஹோரஸ் கருவிகள் செய்யும் துறையிலும் பெயர் பெற்றனர். மூவரும் நைட் பட்டம் பெற்றனர். சோபாவில் குதித்த லியனர்ட் ராணுவத்தில் மேஜராகிப் பின்னர் ராஜாங்கப் பூகோள சங்கத்துக்குத் தலைவரானார். ஹென்ரியெட்டா தந்தையின் நூல் அச்சுப்பிரதிகளைத் திருத்திக் கொடுத்தார். அத்தகைய அறிவுடைய பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பாதது அக்காலத்தின் குறை, அவருடைய குறையுமாம். 1876-இல் பிரான்சிஸின் இளமனைவி பிரசவத்தில் இறந்தபொழுது, அவர் பச்சைக் குழந்தையோடு டவுனுக்கே திரும்பினார். 67 வயதுக் கிழவர் மறுபடியும் ஒரு குழந்தையின் சத்தத்தினிடையே எழுதப் பழகினார்.

டார்வின் 1882-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 19-ஆம் தேதி காலமானார். டவுன் கோயில் முற்றத்தில், தம் இரு சிறு குழந்தைகளின் அருகே கிடக்கவேண்டுமென்பதே குடும்பத்தார் எண்ணியிருந்தது. நாடோ அவரைக் கேட்டது. 26-ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்தனர். எம்மா அங்கே செல்லவில்லை. டவுன் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

உலகப் புகழ் பெற்ற அந்நூலின் கையெழுத்துப் பிரதியில் மிகச் சில தாள்களே எஞ்சியுள்ளன. அச்சானபின் தாளுக்கு வேறு மதிப்பில்லை என்று தந்தை எண்ணினார்போலும். பின்புறம் வெறுமையாயிருந்ததால் பிள்ளைகள் படம் வரைய எடுத்துக்கொண்டனர். ஒரு தாளின் ஒருபக்கத்தில் டார்வினின் கிறுக்கலான கையெழுத்து. மறுபக்கத்தில், பழங்களும் காய்கறிகளும் சிப்பாய்களாகிப் போர் புரியும் வர்ணப் படம். அப்படத்துக்காகவே அத்தாளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள்.